‘மோசடி’ என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஹரோவில் பிறந்து வளர்ந்தவள். வயது 24. சட்டப் படிப்பில் 2:1 (மேல் இரண்டாம் வகுப்பு) எடுத்தேன், பெயர் பெற்ற பல்கலைக்கழகம் இல்லை. ஒன்றரை வருடமாக ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தில் பாராலீகலாக (சட்ட உதவியாளராக) வேலை செய்கிறேன். வணிக வழக்குகளில், அதுவும் மோசடி வழக்குகளில், நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டராக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. காரணம் அப்பா. 2021இல் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒருவர் பிடித்த சீட்டில் அப்பாவின் 18,000 பவுண்ஸ் போய்விட்டது. அந்த மாதிரிக் கள்ளர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். வீட்டில் ‘சொலிசிட்டராகவே இரு, அதில்தான் மாதச் சம்பளம் வரும்’ என்கிறார்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இல்லாமல் இது நடக்குமா? எவ்வளவு செலவாகும்? மோசடி செய்தவனுக்காகவும் வாதாட வேண்டி வருமா?

பதில்:

தங்கச்சி, மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முதல் நான் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்கக் கூடாது. அந்தச் சீட்டுப் பிடித்தவர் கள்ளன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பாவின் காசு போனது உண்மை. 18,000 பவுண்ஸ் என்றால் எங்கள் வீடுகளில் எத்தனை இரவு வேலை, எத்தனை சனி ஞாயிறு என்று எனக்கும் தெரியும், என் அப்பாவும் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவிரவாக நின்றவர்தான். ஆனால் சீட்டு பல விதமாக முறியும். ஒருவர் சுருட்டும் எண்ணத்தோடே ஆட்களைச் சேர்த்திருக்கலாம், இல்லாத ஆட்களின் பெயரைப் பட்டியலில் போட்டிருக்கலாம். இன்னொருவர் நேர்மையாகத்தான் தொடங்கியிருப்பார். முதல் சில மாதங்களில் சீட்டை எடுத்தவர்கள் வேலை போய்விட்டது, கடை பூட்டியாயிற்று என்று கட்டாமல் விட, தன் கைக்காசையும் கிரெடிட் கார்டையும் போட்டு நாலைந்து மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முகம் காட்ட வெட்கப்பட்டு ஃபோனை நிறுத்தியிருப்பார். 2021 எப்படிப்பட்ட வருடம் என்று நினைத்துப் பாருங்கள். எப்படி முறிந்திருந்தாலும் அப்பாவுக்கு அவர் கடன்காரர். ஆனால் மோசடி என்று சொல்லக்கூடியது முதலாவதைத்தான். நடுவிலும் ஒன்று உண்டு: சீட்டு இனி ஓடாது என்று தெரிந்த பிறகும் அடுத்த மாதக் காசை அப்பாவிடம் கை நீட்டி வாங்கியிருந்தால், அந்த மாதத்திலிருந்து அது வேறு கதை. எந்தத் தேதியில் அவருக்குத் தெரிந்தது? பதினேழு வருடமாக நான் செய்யும் தொழிலில் பாதி இந்த ஒரு கேள்விதான். தொகையில் சைபர்கள் கூடும், அவ்வளவே.

1889இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த டெரி எதிர் பீக் வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள், பரீட்சைக்காக. இப்போது அப்பாவின் சீட்டை மனதில் வைத்துக்கொண்டு திரும்ப வாசியுங்கள். பிளிமத்தில் டிராம் நடத்த வந்த ஒரு கம்பனி, நீராவியால் வண்டி ஓட்டும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பங்கு விற்கும் அறிக்கையில் போட்டது. அதற்கு அரசின் சம்மதம் வேண்டும். எப்படியும் கிடைத்துவிடும் என்று இயக்குநர்கள் நம்பினார்கள், கிடைக்கவில்லை, கம்பனி மூழ்கியது. பங்கு வாங்கியவர் மோசடி என்று வழக்குப் போட்டுத் தோற்றார். சொன்னது பொய்யாகப் போனது, ஆனால் சொன்னவர்கள் நம்பித்தான் சொன்னார்கள். பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும், அல்லது உண்மை என்ற நம்பிக்கை இல்லாமல், உண்மையோ பொய்யோ என்ற கவலையே இல்லாமல் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலச் சட்டம் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

இதனால் பாரிஸ்டரின் கையைக் கட்டும் விதி ஒன்றும் இருக்கிறது. கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தலும், மோசடி நடந்தது என்று வாதிடக்கூடிய அளவுக்கு நம்பத்தகுந்த ஆதாரமும் கையில் இல்லாமல் நீதிமன்ற ஆவணத்தில் அந்தச் சொல்லை எழுதக் கூடாது. எழுதினால் ஒழுங்கு விசாரணை வரும். கட்சிக்காரர் கத்தினாலும், சொலிசிட்டர் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றாலும், ஆதாரம் இல்லையென்றால் இல்லைதான்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு வழக்கு, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் இரண்டு அண்ணன் தம்பி. கம்பனிக் கணக்கிலிருந்து தம்பியின் சொந்தக் கணக்குக்கு ஒரு வருடத்தில் பெருந்தொகை போயிருக்கிறது. அண்ணன் எங்கள் கட்சிக்காரர், மேசையில் அடித்து அடித்துப் பேசினார். பார்த்த உடனே எனக்கும் அது திருட்டாகத்தான் தெரிந்தது, மோசடி என்று இரண்டு பந்தி எழுதியும் விட்டேன். பிறகு தம்பியின் கணக்கிலிருந்து அந்தக் காசு எங்கே போனது என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று ஒரு மூத்தவர் சொல்ல, கிடைத்த பத்திரங்களை ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து கோடு கோடாக ஒட்டிப் பார்த்தேன். சுங்க வரி, கப்பல் கூலி, குளிர்சாதனக் கிடங்கின் வாடகை. கம்பனிக் கணக்கை வங்கி சில மாதம் மட்டுப்படுத்தி வைத்திருந்ததால் தம்பி தன் கணக்கு வழியாகக் கட்டியிருக்கிறார். கேட்காமல் செய்தது தவறு, கணக்கில் எழுதாமல் விட்டதும் தவறு, ஆனால் ஒரு பென்னி கூட அவர் தொடவில்லை. அதைச் சொன்னதும் அண்ணன் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார். அன்று அழித்த அந்த இரண்டு பந்தியை இப்போதும் நினைப்பேன். அனுப்பியிருந்தால் அந்த வீட்டில் ஒரு கலியாணத்துக்கும் ஒரு செத்தவீட்டுக்கும் இருவரும் சேர்ந்து நின்றிருக்க மாட்டார்கள்.

பெரிய இடத்திலும் இந்தத் தவறு நடக்கிறது. 1991இல் பி.சி.சி.ஐ. வங்கி விழுந்த பிறகு, அதன் கணக்கை முடிக்க வந்த கலைப்பாளர்கள், அதை மேற்பார்வை செய்த இங்கிலாந்து மத்திய வங்கியின் அதிகாரிகள் தெரிந்தே நேர்மையீனமாக நடந்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். விசாரணை 2004 ஜனவரியில் தொடங்கியது. மத்திய வங்கியின் தரப்பு பாரிஸ்டரின் ஆரம்ப உரை மட்டும் 119 நாள் நீண்டது. 2005 நவம்பரில் வழக்குத் தொடுத்தவர்களே அதைக் கைவிட்டார்கள், எதிர்த்தரப்பின் செலவைச் சாதாரண அளவுக்கு மேலான கணக்கில் கட்டவும் வேண்டி வந்தது. நேர்மையீனம் என்று குற்றம் சாட்டிவிட்டு நிறுவ முடியாமல் போனால் நீதிமன்றம் மென்மையாக இருப்பதில்லை.

சரி, வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் படம் பெரும்பாலும் குறுக்கு விசாரணைதான்.

உங்கள் தாத்தாவிடம் கேட்டால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசியார் ஒருவர், அப்புக்காத்து ஒருவர் என்று இரண்டு வகை இருந்ததைச் சொல்வார். பிரக்கிராசியார் கட்சிக்காரரோடு கதைத்து வழக்கைத் தயார் செய்வார், அப்புக்காத்து எழும்பி நின்று வாதாடுவார். இலங்கையில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் சேர்த்து எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கிவிட்டது. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது, சொலிசிட்டர் ஒரு பக்கம், பாரிஸ்டர் ஒரு பக்கம். இப்படி விளக்கினால் வீட்டில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, பாரிஸ்டர் பெரும்பாலும் சொந்தத் தொழில் செய்பவர் என்பது. சேம்பர் என்பது கம்பனி இல்லை. பலர் சேர்ந்து இடத்துக்கும் கிளார்க்குகளுக்கும் பங்கு போட்டுக் கட்டும் ஏற்பாடு. வழக்கு வந்தால் காசு, அதுவும் பல மாதம் கழித்து.

வணிக மோசடியில் வேலையின் இதயம் விசாரணை நாளுக்கு வெகு முன்னரே துடிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் பின்னேரம் ஃபோன் வரும்: கட்சிக்காரரின் காசு நான்கு நாடுகளுக்குப் போய்விட்டது, நாளைக்கே ஐந்தாவது நாட்டுக்குப் போகலாம். எதிராளிக்குச் சொல்லாமல் நீதிபதியிடம் போய் அவர் சொத்தை உலகம் முழுக்க முடக்கும் ஆணை கேட்க வேண்டும். 1975இல் மரேவா என்ற கப்பல் கம்பனியின் வழக்கில் நிலைபெற்றதால் பழையவர்கள் இன்னும் அதை மரேவா என்றே சொல்வார்கள். அதே வருடக் கடைசியில் ஆன்டன் பில்லர் வழக்கில், எதிராளியின் இடத்துக்குள் போய்ப் பத்திரங்களைத் தேடிப் பாதுகாக்கும் ஆணையும் உறுதியாயிற்று. இவை இரண்டையும் நீதிபதி டொனால்ட்சன் பிரபு சட்டத்தின் அணுவாயுதங்கள் என்றார். அதற்கும் முதல், 1973இல் நோர்விச் பார்மகல் வழக்கு வந்தது: தானறியாமல் குற்றத்தில் சிக்கிக்கொண்ட மூன்றாம் ஆளிடம், தவறு செய்தவர் யார் என்ற தகவலைக் கேட்கலாம். இன்று காசு எந்தக் கணக்குக்குப் போனது என்று வங்கியிடமும் கிரிப்டோ பரிமாற்றத் தளத்திடமும் கேட்கப் போகும்போது இந்த வழி இல்லாமல் முடியாது.

எதிராளி இல்லாத அறையில் நீங்கள் மட்டும் நின்று பேசுகிறீர்கள் என்பதால், அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையும் நீங்களே சொல்ல வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் இரவு எங்கள் கட்சிக்காரரைப் பாதிக்கும் மின்னஞ்சல் ஒன்று அகப்பட்டது. ஆதாரக் கட்டில் நானூறாம் பக்கத்தில் போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். நான் யாரின் கீழ் பயின்றேனோ அவர் அதை எழுத்து வாதத்தின் முதல் பக்கத்தில் போட்டார், நீதிபதியிடம் எழும்பியதும் அதைத்தான் முதலில் வாசித்தார். ஆணை கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து எதிர்த்தரப்பு அந்த மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு ஆணையை உடைக்க வந்தபோது, நீதிபதி ‘இது எனக்கு முதலே தெரியும்’ என்று சொல்லிவிட்டார். கெட்டித்தனம் என்றால் எனக்கு இன்னும் அதுதான் நினைவுக்கு வரும்.

இந்த ஆணைகளை மீறினால் சிறை. கசகஸ்தானின் பி.டி.ஏ. வங்கி தன் முன்னாள் தலைவர் முக்தார் அப்லியாசோவ் மேல் 2009இல் லண்டனில் தொடுத்த வழக்கில், சொத்துகளை மறைத்ததற்காக 2012இல் அவருக்கு 22 மாதத் தண்டனை கிடைத்தது, ஆனால் அவர் நாட்டைவிட்டே போய்விட்டார். நைஜீரிய அரசுக்கும் பி அண்ட் ஐ.டி. என்ற கம்பனிக்கும் நடந்த வழக்கையும் முழுதாக வாசியுங்கள்: 2010இல் எழுதிய ஓர் எரிவாயு ஒப்பந்தம், நடுவர் மன்றத் தீர்ப்பு, வட்டியோடு ஏறத்தாழ 11 பில்லியன் டொலர். 2023 அக்டோபரில் நீதிபதி ரொபின் நோல்ஸ், அந்தத் தீர்ப்பு லஞ்சத்தாலும் பொய்ச் சாட்சியாலும் பெறப்பட்டது என்று கண்டார். நைஜீரியாவின் சொந்தச் சட்ட ஆலோசனைப் பத்திரங்களே எதிர்த்தரப்பின் கையில் இருந்தன. அதைத் தெரிந்தும் பேசாமல் இருந்த வழக்கறிஞர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை எனக்குக் கீழ் பயில வரும் எல்லோரையும் வாசிக்க வைக்கிறேன்.

குறுக்கு விசாரணையும் உண்டுதான், ஆனால் ‘நீ கள்ளன்தானே’ என்று கேட்டு யாரும் ஒப்புக்கொண்டதை நான் கண்டதில்லை. 2013இல் கெஸ்ட்மின் வழக்கில் நீதிபதி லெகட், மனித நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தகாதது, அதனால் வணிக வழக்கில் அந்தக் காலத்துப் பத்திரங்களையும் தெரிந்த உண்மைகளையும் வைத்தே முடிவுக்கு வருவது நல்லது என்று சில பந்திகள் எழுதினார். தொழிலே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. மாதக்கணக்கில் மின்னஞ்சல், வட்ஸ்அப், வங்கிக் கூற்று என்று வாசித்து, இன்ன நாள் இன்ன மணிக்கு இவருக்கு இது தெரிந்திருந்தது என்று ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு நேராக இருந்தால் கேள்விகள் பத்துப் போதும். பாராலீகலாக நீங்கள் இன்று செய்யும் பத்திரப் பரிசீலனையைச் சலிப்பான வேலை என்று நினைத்தால் இந்தத் துறை வேண்டாம், ஏனென்றால் பதினேழு வருடம் கழித்தும் நான் அதைத்தான் செய்கிறேன்.

இன்னொன்று, இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் இரண்டு வழக்குகளுக்குச் சேர்த்து ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அதிலொன்று கட்டார் தேசிய வங்கி மேல் தொடுத்த வழக்கு. மேற்கோள் காட்டிய 45 முன்தீர்ப்புகளில் 18 உலகத்திலேயே இல்லாதவை. கட்சிக்காரரே செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் தேடி எடுத்ததைச் சொலிசிட்டர் சரிபார்க்காமல் போட்டிருந்தார். நீங்கள் கையொப்பமிடும் எதையும் நீங்களே திறந்து வாசித்திருக்க வேண்டும்.

அடுத்து, மோசடி செய்தவனுக்கு வாதாடுவது. ஆம், வாதாட வேண்டி வரும். வாடகைக்கார் வரிசை விதி என்று பெயர்: நிறுத்தத்தில் முன்னால் நிற்கும் கார் வருகிறவரை ஏற்ற வேண்டும், முகம் பார்த்து மறுக்கக் கூடாது. எங்கள் துறையில் பாதி வேலை குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம்தான். உங்கள் மனம் இதில் அடிபடும் என்று தெரிகிறது, ஆகவே தபால் நிலையத்தாரின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹொரைசன் என்ற கணினி அமைப்பு கணக்கில் பற்றாக்குறை காட்டியது, அதை நம்பி 900க்கு மேற்பட்ட உபதபால் அதிபர்கள் களவு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் கடையும் தபால் கவுண்டரும் சேர்த்து நடத்திய தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். 2019இல் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், அதுவும் சிவில் வழக்கில், நீதிபதி ஃப்ரேசர் அந்த அமைப்பில் பிழைகள் இருந்ததைக் கண்ட பிறகுதான் கதவு திறந்தது. ‘கணக்கில் காசு குறைகிறது, நீதான் எடுத்திருப்பாய்’ என்று சொல்லப்பட்ட அந்த ஆட்களுக்கு முதல் நாளே ஒரு நல்ல பாரிஸ்டர் கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத வருடம் இல்லை. மெய்யாகவே மோசடி செய்தவருக்கும் வாதாடுவீர்கள். அவர் உங்களிடம் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்கு மாறாக நீதிமன்றத்தில் ஒரு சொல்லும் நீங்கள் சொல்ல முடியாது, அந்த எல்லைதான் உங்களை இரவில் நித்திரை கொள்ள விடும்.

ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கேள்விக்கு வருவோம். உச்சியில் இருக்கும் சில வணிகச் சேம்பர்களின் இணையதளத்தில் இளையவர்கள் எங்கே படித்தார்கள் என்று பாருங்கள், நான் சொல்லாமலே விளங்கும். அது நியாயமில்லை, ஆனால் இருக்கிறது. அதற்காகத் துறையே மூடிக் கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். நிறுவன வழக்கு, திவால், பங்குதாரர் சண்டை, வங்கி மோசடி என்று செய்யும் நடுத்தரச் சேம்பர்கள் லண்டனிலேயே இருக்கின்றன. வணிக, சொத்து நீதிமன்றங்கள் மான்செஸ்டர், லீட்ஸ், பேர்மிங்ஹாம், பிரிஸ்டல், லிவர்பூல், நியூகாசில், கார்டிஃப் என்று எங்கும் இருக்கின்றன, அந்த நகரங்களில் இளையவர்கள் சீக்கிரமே தனியாக எழும்பி நிற்கிறார்கள். நானும் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவள் இல்லை. இரண்டு முறை விண்ணப்பித்துத் தோற்று, மூன்றாம் முறைதான் இடம் கிடைத்தது. முதல் இரண்டு முறையும் ‘எனக்கு நீதியில் ஆர்வம்’ என்று எழுதினேன். மூன்றாம் முறை, ஒரு கிடங்குத் தகராற்றில் நான் ஒட்டிப் பார்த்த விலைப்பட்டியல்களைப் பற்றி எழுதினேன்.

இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றரை வருடப் பாராலீகல் வேலையில் ஒரு பத்திரம் வழக்கின் போக்கையே மாற்றிய இடம் ஒன்றாவது இருக்கும், இரகசியம் உடையாமல் அதைச் சொல்லப் பழகுங்கள். அதோடு, வாதாடிய அனுபவம் வேண்டும். இலவசமாகத் தீர்ப்பாயங்களில் ஆட்களுக்காக நிற்கும் ஃப்ரீ ரெப்ரசென்டேஷன் யூனிட் பயிற்சி தந்து வழக்கும் தரும். எங்களைப் போன்ற பின்புலத்தில் இருந்து வருகிறவர்களுக்கு மினி ப்யூபிலேஜ் (சேம்பரில் சில நாள் கூட இருந்து பார்ப்பது) ஏற்பாடு செய்யும் பிரிட்ஜிங் த பார், வணிகப் பாரிஸ்டர்களின் சங்கமான கொம்பார் நடத்தும் வழிகாட்டித் திட்டம் இரண்டுக்கும் போடுங்கள். அப்புறம், ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு ஃபெட்டர் லேனில் வணிக வழக்குகள் நடக்கும் ரோல்ஸ் பில்டிங்குக்குப் போங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்தால் எந்தத் திறந்த விசாரணையிலும் பின்வரிசையில் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்டதில்தான் எனக்குப் பயம், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். பாரிஸ்டராவதற்கான பார் படிப்புக்கு ஏறத்தாழ 15,000 பவுண்ஸ், சில இடங்களில் அதற்கும் மேல், லண்டன் சீவியச் செலவு தனி. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள், ப்யூபிலேஜ் என்ற பயிற்சி இடங்களோ ஐந்நூறு அறுநூறுதான். படித்து முடித்து ஐந்து வருடத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் அந்தத் தகுதி காலாவதி. அப்பாவின் வீட்டை ஈடு வைத்து முதலில் படிப்பு, பிறகு இடம் தேடுவோம் என்று தயவுசெய்து போக வேண்டாம். தலைகீழாகச் செய்யுங்கள். இப்போதிருக்கும் சம்பளத்தில் இருந்துகொண்டே விண்ணப்பியுங்கள். ப்யூபிலேஜுக்கான பொது இணைய நுழைவாயிலில் ஒரு முறைக்கு இருபது சேம்பர்கள் வரை போடலாம், ஜனவரியில் திறந்து சில வாரங்களிலேயே மூடும். வணிகச் சேம்பர்கள் ஒன்றரை, இரண்டு வருடம் முன்கூட்டியே ஆள் எடுக்கின்றன, பயிற்சிக் காலத்துக்கு 75,000 பவுண்ஸுக்கு மேல் தருகிறவையும் உண்டு, அதில் ஒரு பங்கை முன்பணமாக எடுத்துப் பார் படிப்புக்குக் கட்டலாம். மற்றத் துறைகளில் இதைவிட வெகு குறைவு.

லிங்கன்ஸ் இன், கிரேய்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சங்கங்கள் நான்கில் ஒன்றில் நீங்கள் எப்படியும் சேர வேண்டும். அவை ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்ஸ் உதவித்தொகையாகக் கொடுக்கின்றன, படிப்பு தொடங்கும் முந்தின வருடம் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம் முடிந்துவிடும். மிடில் டெம்பிள் விண்ணப்பிக்கும் எல்லோரையும் நேர்முகத்துக்குக் கூப்பிடும், உங்களைப் போல் கடதாசியைவிட நேரில் நன்றாகக் கதைக்கக்கூடியவர்களுக்கு அது பெரிய விஷயம். உங்கள் கடிதத்தை வைத்து அப்படி நினைக்கிறேன்.

அம்மா அப்பா சொல்வதில் பிழை இல்லை. சொலிசிட்டராகத் தகுதி பெற்று, மோசடி வழக்கு நிறுவனத்தில் ஐந்தாறு வருடம் நின்று, அதன்பின் பாரிஸ்டராக மாறியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கும் சொலிசிட்டர்களை அவர்களுக்கு முதலே தெரியும். அங்கேயே இருந்துவிட்டவர்களும் குறைந்தவர்கள் இல்லை, சொத்து முடக்கும் திட்டத்தை முதலில் போடுவது அவர்கள்தான். மூன்று சுற்று விண்ணப்பம், அதற்குள் கிடைக்காவிட்டால் சொலிசிட்டர் தகுதி என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லுங்கள், அவர்களுக்கும் மூச்சு விட முடியும். பெண் பிள்ளை என்று அம்மா தயங்கினால், கே.சி. என்ற பட்டம் பெற்ற மூத்த பாரிஸ்டர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் பெண் என்பதை மறைக்க வேண்டாம், நான் வந்தபோது அதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவின் காசு பற்றி, பொதுவாக மட்டும் சொல்கிறேன், முழுப் பத்திரமும் பார்க்காமல் ஆலோசனை சொல்ல முடியாது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம்தான். 2021 என்றால் 2027, அதுவும் எந்த மாதம் என்பது முக்கியம். மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து காலம் எண்ணப்படும், ஆனால் அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். கடன் என்று போட்டால் மோசடியை நிரூபிக்கவே தேவையில்லை. வழக்குக் கட்டணம் தொகையில் 5 வீதம், 900 பவுண்ஸ். அதைக் கட்டுவதற்கு முதல், அவரிடம் இப்போது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் கையுள்ளவர் மேல் தீர்ப்பு வாங்கி வைத்திருப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு சொலிசிட்டரிடம் இந்த மாதமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதோடு, உங்களுக்காக மட்டும் ஒரு வேலை. அப்பாவின் சீட்டுக் கொப்பி, வட்ஸ்அப், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். யார் எப்போது கட்டினார்கள், யார் எப்போது எடுத்தார்கள், எந்த மாதம் முதன்முதலாகப் பிந்தியது, அதற்குப் பிறகு அவர் அப்பாவுக்கு என்ன எழுதினார் என்று தேதி வாரியாக இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். ‘மோசடி’, ‘கள்ளன்’ இரண்டு சொல்லும் ஓரிடத்திலும் வரக் கூடாது. எழுதி முடித்துவிட்டு, அந்தச் சீட்டுப் பிடித்தவருக்காக நீங்கள் எழும்பி நின்றால் எந்த வரியை முதலில் பிடிப்பீர்கள் என்று அடியில் குறியுங்கள். ப்யூபிலேஜ் விண்ணப்பம் எழுத உட்காரும்போது அதை எனக்கு அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.